தேட வேண்டிய இடங்கள்

கடிதத்தில் மொத்தம் ஏழு வரிகள். ஆறாவது வரியில், "மனுதாரருக்கும் உடன் வசிப்பவருக்கும் உறவு: இல்லை" என்று அச்சாகியிருந்தது. தையற்காரம்மா அதை என் மேசைமேல் விரித்து, ஊசி குத்திக் காய்த்துப்போன விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த ஒரு வரியை மட்டும் மாத்திக் குடுங்க. வீடு குடுக்காட்டியும் பரவாயில்லை."

வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் நான் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். பொதுமக்கள் உள்ளே வரக்கூடாது என்று என் அறைக் கதவில் எழுதியிருக்கிறது. எழுதி ஒட்டியதே நான்தான். அதையும் மீறி ஒருவர் உள்ளே வந்து நின்றால் எனக்குச் சுள்ளென்று வரும். அன்றைக்கும் வந்தது.

"இதெல்லாம் கவுண்டர்ல கேளுங்கம்மா."

"கேட்டேன். மெஷின் சொல்லுது, நாங்க என்ன பண்றதுன்னாங்க. அப்போ மெஷின்கிட்ட யாரு பேசுவாங்கன்னு கேட்டேன். உங்க ரூமைக் காட்டினாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

விஷயம் இதுதான். தையற்காரம்மாவின் கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. கணவரின் தங்கை, அதாவது இவருடைய நாத்தனார், பத்தொன்பது வயதில் வேலை பார்த்த இடத்தில் விழுந்து முதுகெலும்பு அடிபட்டவர். கால் இரண்டும் வராது. இப்போது நாற்பத்தைந்து வயது. பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இவர் தைப்பார், நாத்தனார் பட்டன் கட்டி ஓரம் அடிப்பார். வீடு ஐந்தாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. நடக்க முடியாதவர் குடும்பத்தில் இருந்தால் தரைத்தளத்தில் வீடு மாற்றிக் கொடுப்போம் என்பது எங்கள் விதி. மனு போட்டிருக்கிறார். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் பதில் போயிருக்கிறது. வீட்டில் எப்போதும் இருப்பது நாத்தனார்தானே, அவர்தான் பிரித்துப் படித்திருக்கிறார்.

"படிச்சு முடிச்சதும் அவளே காப்பகத்துக்கு போன் போட்டுட்டா. இடம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வண்டி வருது."

"போகாதேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாம இருப்பேனா? நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு இல்லைன்னு அரசாங்கமே சொல்லிடுச்சே, இனிமே உங்களுக்கு என்ன கட்டாயம்னு கேக்குறா. நான் தொண்டை கிழியக் கத்தினதெல்லாம் அவ காதுல ஏறலை. இந்த ஒரு வரி ஏறிடுச்சு."

நான் மனு எண்ணைத் தட்டினேன். ஒதுக்கீட்டு மென்பொருள் ஒரு தர்க்க மொழியில் எழுதப்பட்டது. மற்ற மொழிகளில் இதைச் செய், அதைச் செய் என்று வரிசையாக ஏவ வேண்டும். இதில் இன்னார் இன்னாரைக் கல்யாணம் செய்திருக்கிறார், இன்னார் இன்னாருக்குத் தங்கை என்று தெரிந்ததைச் சொல்லி வைப்போம். கணவனின் சகோதரி நாத்தனார், நாத்தனார் குடும்பத்தில் சேர்த்தி என்று விதிகளையும் சொல்லி வைப்போம். அப்புறம் கேள்வி கேட்டால் போதும். அதுவே ஒன்றோடொன்று கோத்துப் பார்த்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும். கல்யாண வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்று விரல்விட்டுச் சொல்லும் அத்தை ஒருத்தி இருப்பாளே, அவள் வேலையைத்தான் இது செய்கிறது.

செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். இவருக்கும் இறந்துபோன கணவருக்கும் கல்யாணம் ஆனதா? ஆம். அந்தக் கணவருக்கு உடன் வசிப்பவர் தங்கையா? ஆம். இவருக்கு அவர் நாத்தனாரா? இல்லை.

"என்ன பாக்குறீங்க?" என்றார் தையற்காரம்மா.

"உங்க நாத்தனாரைத் தேடுறேன்."

"அவ வீட்லதான் இருக்கா."

சிரிப்பு வரவில்லை. மூன்றாவது கேள்விக்கு அது எப்படி இல்லை என்று சொல்லும்? சோதனைக்காக என் குடும்பத்தை எப்போதோ உள்ளே ஏற்றி வைத்திருந்தேன். என் மாமியாரைப் பற்றிக் கேட்டேன். இருபத்தாறு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். உறவு இல்லை என்றது. ஒரு நிமிடம் மனசு குளிர்ந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அடுத்த நிமிடம் மற்றவர்களாவது இருக்கிறார்களா என்று பார்க்க ஆரம்பித்தேன். கொழுந்தனாரைக் கேட்டேன், ஓரகத்தியைக் கேட்டேன், மகள் வீட்டுச் சம்பந்தியைக் கேட்டேன். எல்லாரும் இல்லை. அம்மா, அக்கா, தம்பி எல்லாரும் ஆம். பிறந்து வந்த உறவு அத்தனையும் இருந்தது, கட்டி வந்த உறவு ஒன்றுகூட இல்லை.

உடனே சர்வர் பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். எந்நேரமும் தோளில் ஏதாவது ஒரு ஒயரைச் சுற்றிக்கொண்டு திரிவார், அதனால் அலுவலகத்தில் அவருக்குக் கேபிள் என்று பெயர். என் வயதுதான். நான் கூப்பிட்டால் எதற்கென்று தெரியாமலே முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு வருவார்.

"பழைய சர்வரை எப்போ மாத்துனீங்க?"

"எட்டு மாசம் ஆச்சு மேடம். ஏன்?"

"திருமண உறவு விதிகளை எங்கே கொண்டுபோய்த் தொலைச்சீங்க?"

"எதையும் தொலைக்கலை மேடம். அத்தனை ஃபைலையும் காப்பி பண்ணேன். எண்ணிக்கூடப் பார்த்தேன்."

"எண்ணிப் பார்த்தா ஆச்சா? வெச்ச இடம் அதுக்குத் தெரிய வேண்டாமா? எட்டு மாசமா இந்த ஊர்ல ஒருத்தருக்கும் மாமியார் இல்லை, தெரியுமா உங்களுக்கு?"

கேபிள் தையற்காரம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிலபேர் சந்தோஷப்பட்டிருப்பாங்க மேடம்" என்று முனகினார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

விதிகள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்காது. பிறப்பு உறவு ஒன்றில், திருமண உறவு ஒன்றில், வயது, வருமானம், உடல்நிலை என்று தனித்தனியாக இருக்கும். இந்தத் தொகுப்பை நூலகம் என்போம். எந்தெந்த ஃபோல்டரில் போய்த் தேட வேண்டும் என்று மென்பொருளுக்கு ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும், அது நூலகப் பாதை. அந்தப் பட்டியலைத் திரையில் வரவழைத்தேன். மூன்று இடங்கள் இருந்தன. முதல் இரண்டும் புதிய சர்வரில் சரியாக இருந்தன. மூன்றாவது இடம் பழைய சர்வரின் இரண்டாவது டிஸ்க். அப்படி ஒரு டிஸ்க்கே இப்போது கிடையாது, பழைய இரும்புக்குப் போய் ஆறு மாதமாகிறது. திருமண உறவு ஃபைல் அந்த மூன்றாவது இடத்தில்தான் இருந்தது. காலி செய்துவிட்டுப் போனவர் வீட்டு முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு மாதமாகத் தேடியிருக்கிறது.

"இப்போ அது எங்கே இருக்கு?"

கேபிள் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு ஃபோல்டர் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

"ஒரு சந்தேகம் மேடம். இல்லாத இடத்துல தேடினா அது கத்தணுமே? சிவப்பு சிவப்பா எழுதி உயிரை வாங்குமே? எனக்கு ஒரு தடவைகூடக் கத்தலை. கத்தியிருந்தா அன்னிக்கே சரி பண்ணியிருப்பேன்."

"செஞ்சதையும் செஞ்சுட்டு மெஷின் மேல பழி போடாதீங்க."

தொடக்க ஃபைலைத் திறந்தேன். மென்பொருள் எழுந்தவுடன் முதலில் படிப்பது அதைத்தான், தேட வேண்டிய இடங்களை அதில்தான் எழுத வேண்டும். கடைசியில் புதிய ஃபோல்டரைச் சேர்த்துவிட்டுத் திரும்ப ஓட்டினேன். என் மாமியார் வந்துவிட்டார். கொழுந்தனார், ஓரகத்தி, சம்பந்தி எல்லாரும் வந்தார்கள். தையற்காரம்மாவுக்கு நாத்தனாரா என்று கேட்டேன்.

இல்லை.

தையற்காரம்மா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அந்தச் சொல்லை அவரே திரையில் படித்துவிட்டார். அவர் மூச்சு என் காதருகே கேட்டது.

"கேபிள், இது என்ன ஃபைல்? தேதியைப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "ஆறு வருஷத்துக்கு முந்தினது. ஐயோ, இது பேக்கப் மேடம். ரெண்டு ஃபோல்டர்ல போட்டேன். நடப்புல இருக்கறது பக்கத்துல இருக்கு."

ஐந்து வருடத்துக்கு முன்னால்தான் புதிய விதி ஒன்றைச் சேர்த்தோம். கணவனோ மனைவியோ இறந்துபோனாலும் அவர் வழி வந்த உறவு குடும்பத்தில் சேரும் என்ற விதி. பழைய ஃபைலில் அது இல்லை. அதன் கணக்குப்படி மனிதன் செத்ததும் அவன் தங்கை யாரோ ஒருத்தி ஆகிவிடுவாள். சரி, நடப்பு ஃபோல்டரையும் பட்டியலில் சேர்த்தேன். மறுபடியும் இல்லை. புத்தி கெட்டவள், கீழே சேர்த்திருக்கிறேன். இந்த மென்பொருள் பட்டியலின் மேலிருந்து கீழே தேடிக்கொண்டு வரும், கேட்ட பெயரில் முதலில் எது அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அதைவிட நல்லது கீழே இருக்கிறதா என்று பார்க்காது. பழைய ஃபைல் மேலே உட்கார்ந்திருக்கும் வரை புதியது அதன் கண்ணில் படாது.

பேக்கப் வரியை அடியோடு நீக்கினேன். நடப்பு வரியைப் பட்டியலுக்கே தலைப்பில் வைக்கலாம் என்று ஃபைலை மேலே நகர்த்தினேன். பட்டியலின் முதல் வரிக்குப் போனபோது அதற்கும் மேலே நான் மறந்துபோன ஒரு வரி இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு:

"கத்தல் தாங்கவில்லை. நாளை இயக்குநர் வருகிறார். பிறகு எடுத்துவிட வேண்டும்."

கீழே ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. என் இனிஷியல்.

விதியே இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டால் இந்த மொழி, இப்படி ஒன்று என்னிடம் இல்லவே இல்லை, நான் எப்படிப் பதில் சொல்வேன் என்று சிவப்பு எழுத்தில் கத்திவிட்டு நின்றுவிடும். அன்றைக்கு அரைகுறையாக இருந்த ஏதோ ஒரு பகுதிக்காக அப்படிக் கத்திக்கொண்டிருந்தது. இயக்குநர் முன்னால் மானம் போகுமே என்று நான் எழுதிய வரி இதுதான்: தெரியாததைக் கேட்டால் கத்தாதே, இல்லை என்று சொல்லிவிட்டுப் போ. இயக்குநர் வந்தார், டீ குடித்தார், போய்விட்டார். என் 'பிறகு' வரவே இல்லை.

கேபிளும் படித்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எதிரில் இருப்பவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவர் தோளில் கிடந்த ஒயரைக் கழற்றி மறுபடி சுற்றினார்.

"நான் வேணா டீ வாங்கிட்டு வரட்டுமா மேடம்?" என்றார்.

வாங்கிவரச் சொன்னேன். அந்த வரியை அழித்தேன், பட்டியலைச் சரி செய்தேன், மறுபடி கேட்டேன். ஆம் என்று வந்தது. தையற்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அச்சடிச்சுக் குடுங்க" என்றார்.

அச்சடிக்க மேலாளர் கையெழுத்து வேண்டும். மறுபரிசீலனைக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு, அவசரம் என்ன என்றார் அவர். நாளைக் காலை பத்து மணி என்றேன். ஒருத்தருக்கு மட்டும் எப்படிச் சலுகை கொடுப்பது என்றார். ஒருத்தருக்கு இல்லை, எட்டு மாதத்தில் அறுபத்து மூன்று குடும்பத்துக்கு இப்படிப் போயிருக்கிறது என்று பட்டியலை அவர் முன்னால் வைத்தேன். அவர் பட்டியலை எண்ணாமல் என் முகத்தையே பார்த்தார்.

"சத்தமில்லாம ஒவ்வொண்ணா திருத்திக்கலாம். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்."

"சத்தமில்லாம இருந்ததாலதான் சார் இது நடந்துச்சு. எழுதித் தர்றேன், என் பேரையும் போட்டுக்கோங்க. இப்போ இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டார். என்னோடு வாதாடிக் கண்ட பலன் என்ன என்று அவருக்குத் தெரியும்.

கடிதத்தைத் தையற்காரம்மாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் பஸ்ஸில் போய் இறங்கி, கடைத்தெருவைத் தாண்டி அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேரும்போது மாலை நாலரை. மூன்றாவது மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. தையற்காரம்மா எனக்காக நின்று நின்று ஏறினார்.

"மாசம் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டணும். அன்னிக்கு அவளை முதுகுல சுமந்துதான் இறங்குவேன்" என்றார், ஏதோ கடைக்குப் போய்வருவதைப் போல.

வீடு ஒரு அறையும் சமையல் இடமும். தையல் மெஷின் ஜன்னலோரம். கட்டிலில் சுவரில் சாய்ந்து நாத்தனார் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பள்ளிச் சீருடைச் சட்டை, வாயில் நூல். கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி, கட்டித் தயாராக. பெட்டியைப் பார்த்ததும் நான் சொல்லத் தயார் செய்துகொண்டு வந்த முன்னுரை எல்லாம் மறந்துபோயிற்று. கடிதத்தை நீட்டினேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கிவிட்டு, நிதானமாகப் படித்தார். தலையணைக்கு அடியிலிருந்து பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்.

"எது நிஜம்?"

"ரெண்டாவது."

"அப்போ முதல்ல ஏன் இல்லைன்னு போட்டீங்க?"

"உறவு பத்தின விதிகள் எங்கே இருக்குன்னு மெஷினுக்குத் தெரியலை. இடம் மாறிப்போச்சு. அதனால இல்லைன்னு சொல்லிடுச்சு."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அது சொல்லும். சொல்லாதேன்னு நான்தான் எழுதி வெச்சேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி."

இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. கேபிளை நான் திட்டிய வார்த்தைகள் ஒவ்வொன்றும் காதில் வந்தன. நாத்தனார் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை.

"நீங்க வருத்தப்படாதீங்க. உண்மையைச் சொன்னா, அந்தக் கடிதத்தைப் படிச்சதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

தையற்காரம்மா சமையல் இடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். டம்ளர் சத்தம் நின்றது.

"பதினாறு வருஷம். அண்ணன் இருந்தப்போ சரி, அவன் தங்கச்சி, அவன் பொறுப்பு. அவன் போனப்புறம் இவங்க எதுக்கு என்னைச் சுமக்கணும்? நானா போறேன்னு சொன்னா இவங்க மனசு தாங்காது. இவங்களா போகச் சொல்லவும் மாட்டாங்க. அந்தக் கடிதம் வந்ததும், சரி, ரெண்டு பேருக்கும் சொல்ல வாய் வராததை இது சொல்லிடுச்சுன்னு நினைச்சேன். இப்போ நீங்க அதையும் பிடுங்கிட்டீங்க."

நல்ல செய்தி கொண்டுவருகிறோம் என்றல்லவா ஐந்து மாடி ஏறினேன்.

தையற்காரம்மா தண்ணீர் டம்ளரை என் கையில் கொடுத்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நிம்மதியா இருந்துச்சா உனக்கு?"

நாத்தனார் மடியில் கிடந்த சட்டையை நீவினார்.

"உங்க அண்ணன் செத்த அன்னிக்கு எங்க அண்ணன் வந்து என்னைக் கூட்டிட்டுப் போக நின்னான். பெட்டியை எடுன்னான். நான் போகலை. பொறுப்புன்னா நினைச்சுக்கிட்டே? எனக்கு யாருடி இருக்கா? காலையில எழுந்தா பேச ஒரு ஆள் வேணும். நான் வெட்டுறதைக் கோணல்னு சொல்ல ஒரு ஆள் வேணும். நீ போயிட்டா இந்த வீட்ல நான் யார்கிட்ட சண்டை போடுறது? பன்னெண்டு நாளா நான் சாப்பிட்டது எனக்குத்தான் தெரியும். நீ எனக்கு நாத்தனார்னு பேப்பர்ல வாங்கிட்டு வந்தா பெட்டியைப் பிரிப்பேன்னு நினைச்சு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சிருக்கேன். நிம்மதியாம்."

சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் டம்ளரை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தேன்.

நாத்தனார் இரண்டு கடிதங்களையும் மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். போனை எடுத்து எண்ணை அழுத்தினார். மறுமுனையில் யாரோ பெயரும் பதிவு எண்ணும் கேட்டிருக்க வேண்டும், சொன்னார்.

"நாளைக்கு வண்டி அனுப்ப வேண்டாம். நான் வரலை."

காரணம் என்ன என்று கேட்டிருப்பார்கள். எங்கள் அலுவலகத்திலும் கேட்போம், படிவத்தில் எழுத வேண்டுமே. ஆறாவது வரியைப் படிக்கச் சொல்லி அந்தப் புதிய கடிதத்தை அவர் கையில் திரும்ப வைக்கப் போனேன். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"காரணமா? எங்க அண்ணி விட மாட்டேங்கிறாங்க. அப்படியே எழுதிக்கோங்க."